காணொளி வழியே விழுங்கல் பயிற்சி: கதிர்வீச்சுக் காலத்தில் பயன்படுத்திய ஒருவரின் மதிப்பீடு

நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய் இருப்பது உறுதியாகி, கதிர்வீச்சும் கீமோவும் சேர்ந்து நடந்த ஏழு வாரங்களிலும் அதற்குப் பிந்தைய ஆறு மாதங்களிலும், விழுங்கல் பயிற்சியை வீட்டிலிருந்தபடியே காணொளி அழைப்பில் பெற்றேன். கதிர்வீச்சு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு முதல் அமர்வு நடந்தது. கடந்த வாரம் 18-ஆவது அமர்வு முடிந்தது. சேவையை வழங்கிய நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள்மீது எனக்கு நன்றியும் உண்டு, பெரிய மனக்குறை ஒன்றும் உண்டு. இரண்டுமே அந்த ஒரு நிறுவனத்தோடு நின்றுவிடுபவை அல்ல, இந்தச் சிகிச்சை முறைக்கே உரியவை என்று நினைக்கிறேன். இதே சிகிச்சைக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் ஒருவர், காணொளியில் சேரலாமா, நேரில்தான் போக வேண்டுமா என்று முடிவெடுக்க உதவும் என்ற எண்ணத்தில், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புற்றுநோய்க்கும் விழுங்கல் பயிற்சிக்கும் என்ன தொடர்பு என்பது முதலில் எனக்கு விளங்கவில்லை. நோய் கண்டறியப்பட்ட நாளில் நான் நன்றாகவே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முதல் அமர்வில் சிகிச்சையாளர் அதைப் பொறுமையாக விளக்கினார். ஒரு மிடறு தண்ணீர் தொண்டையைக் கடக்க ஏறக்குறைய ஒரு நொடிதான் ஆகிறது. அந்த ஒரு நொடிக்குள் நாக்கு பின்னோக்கித் தள்ள வேண்டும், மெல்லண்ணம் எழுந்து மூக்குப் பாதையை அடைக்க வேண்டும், குரல்வளை மேலும் முன்னுமாக எழ வேண்டும், அதன் மூடி கவிழ வேண்டும், குரல்நாண்கள் இறுக மூட வேண்டும், உணவுக்குழாயின் வாய் திறக்க வேண்டும். 25-க்கும் மேற்பட்ட தசை இணைகள் ஒன்றோடொன்று தப்பாமல் ஒத்திசைந்தால்தான் இது நடக்கும். தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வழக்கமாகத் தரப்படும் 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு, வாரத்துக்கு 5 நாள் வீதம் 35 தவணைகளாக உள்ளே இறங்கும்போது, கட்டியோடு சேர்ந்து இந்தத் தசைகளும் வாட்டம் காண்கின்றன. இரண்டாம், மூன்றாம் வாரத்திலிருந்து வாய்ப்புண் கிளம்புகிறது, எச்சில் பசைபோல் கெட்டியாகிறது, சுவை மறைகிறது. வலிக்கு அஞ்சி விழுங்குவதைக் குறைத்தால், ஓய்ந்திருக்கும் தசை மெலிகிறது. மெலிந்த இடத்தில் நாளடைவில் நார் படர்ந்து இறுகிவிடுகிறது. அப்படி இறுகிப்போனதைப் பிறகு இளக்குவது மிகக் கடினம்.

அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 497 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றியும் அவர் சொன்னார். சிகிச்சை முடியும்வரை கொஞ்சமேனும் வாயால் சாப்பிட்டு வந்தவர்களும், பயிற்சியை விடாமல் செய்தவர்களும், பின்னாளில் இயல்பான உணவுக்கு நெருக்கமான நிலையில் இருந்தார்கள். வெளியிலிருந்து உணவு செலுத்தும் குழாயைச் சார்ந்திருந்த காலமும் அவர்களுக்குக் குறைவாக இருந்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களே எல்லோரிலும் நன்றாக இருந்தார்கள் என்பதுதான் என் மனத்தில் பதிந்தது. அன்று இரவே பயிற்சியைத் தொடங்கினேன்.

நேரில் போகாமல் காணொளியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளியது. கதிர்வீச்சு அறையில் இருக்கும் நேரம் கால் மணிதான். போக, வர, காத்திருக்க அரை நாள் கழிந்துவிடும். அதன்பிறகு வேறொரு கட்டடத்தில் வேறொரு வரிசையில் உட்கார உடம்பில் தெம்பு இருக்காது என்று, எனக்கு முன்பே சிகிச்சையை முடித்த ஒருவர் எச்சரித்திருந்தார். நான்காம் வாரத்தில் அவர் சொன்னது அப்படியே நடந்தது. மருத்துவமனையிலிருந்து வந்ததும் படுக்கையில் விழுவேன். மாலையில் வலி மருந்தை எடுத்துக்கொண்டு, அது வேலை செய்யத் தொடங்கும் அரை மணி நேரம் கழித்து, துப்பும் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணினி முன் உட்காருவேன். அமர்வின் நேரத்தை மருந்தின் நேரத்தோடு பொருத்திக்கொள்ள முடிந்தது என்பதே எனக்குக் கிடைத்த முதல் பெரிய நன்மை. வெளி நோயாளிப் பிரிவில் தரப்படும் நேரம் வலி எப்போது தணியும் என்பதைப் பார்த்துத் தரப்படுவதில்லை.

முதல் அமர்வு 50 நிமிடம் நீடித்தது. அதில் 20 நிமிடம் கேமராவையும் வெளிச்சத்தையும் சரிசெய்வதிலேயே போயிற்று. "சார், ஜன்னல் உங்களுக்குப் பின்னால் இருக்கிறது, அது எதிரில் வரும்படி நாற்காலியைத் திருப்புங்கள்," என்றார். பிறகு மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைக்கச் சொன்னார். பிறகு வெள்ளைத் துணிப் பிளாஸ்திரியில் நகமளவு துண்டு ஒன்றை வெட்டி, கழுத்தில் துருத்தி நிற்கும் குரல்வளை மேட்டில் ஒட்டச் சொன்னார். பக்கவாட்டில் திரும்பி ஒரு மிடறு விழுங்கினேன். திரையின் மூலையில் தெரிந்த என் கழுத்தில் அந்த வெள்ளைத் துண்டு சட்டென்று மேலேறி, ஒரு கணம் நின்று, கீழே இறங்கியது. அதுவரை ஐம்பத்தாறு ஆண்டுகளாக நான் விழுங்கியிருக்கிறேன். விழுங்குவதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். குரல்வளை எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில் எழுகிறது என்று திரையில் கணிப்பதற்கு அந்தத் துண்டு ஓர் அடையாளம் என்றும், கதிர்வீச்சு தொடங்கியபின் அந்தத் தோலில் எதையும் ஒட்டக் கூடாது என்பதால் இன்றைய பதிவை ஒப்பீட்டுக்காகச் சேமித்து வைக்கிறேன் என்றும் சொல்லி, என் சம்மதம் கேட்டுப் பதிவுசெய்தார். ஆறாம் வாரத்தில் அந்தப் பழைய பதிவைப் பக்கத்தில் ஓடவிட்டு இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டியபோது, எவ்வளவு இழந்திருக்கிறேன் என்பதும், இன்னும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதும் எனக்கே புரிந்தன.

பயிற்சிகளைப் பொறுத்தவரை, நேரில் கற்றிருந்தால் இதைவிட நன்றாகக் கற்றிருப்பேன் என்று சொல்லத் தோன்றவில்லை. முழு வலுவோடு ஒரே மூச்சில் விழுங்குவது, நாக்கின் நுனியைப் பற்களுக்கிடையே மெல்லப் பிடித்துக்கொண்டு வெறும் எச்சிலை விழுங்கும் மசாக்கோ பயிற்சி, குரல்வளை மேலே எழும்போது அதை இரண்டு மூன்று நொடி அங்கேயே நிறுத்திப் பிடிக்கும் மெண்டல்சன் முறை, மட்டமாகப் படுத்துத் தலையை மட்டும் தூக்கிக் கால்விரலைப் பார்க்கும் ஷேக்கர் பயிற்சி ஆகியவை என் அட்டவணையில் இருந்தன. ஷேக்கர் பயிற்சியில் ஒரு நிமிடம் தலையைத் தூக்கியபடியே வைத்து ஒரு நிமிடம் ஓய்வு என மூன்று முறை செய்துவிட்டு, பிறகு 30 முறை விடாமல் தூக்கி இறக்க வேண்டும். நான் அதைத் தோள்பட்டையையும் சேர்த்துத் தூக்கிச் செய்துகொண்டிருந்தேன். மடிக்கணினியைத் தரையில் என் காதுக்கு நேராக வைக்கச் சொல்லி, அந்தத் தவற்றைச் சிகிச்சையாளர் கண்டுபிடித்தார். என் சொந்தப் படுக்கையில், என் சொந்தத் தலையணையை விலக்கிவிட்டு, நாள்தோறும் செய்யப்போகும் அதே இடத்தில் திருத்தம் கிடைத்ததால், அது மறக்கவே இல்லை.

இந்தச் சேவையோடு ஒரு செயலியும் உண்டு. ஒவ்வொரு பயிற்சிக்கும் பதிவுசெய்த விளக்கப்படம் அதில் இருக்கும். செய்து முடித்ததும் ஒரு பொத்தானை அழுத்திக் குறிக்க வேண்டும். முதல் மூன்று வாரம் அது நல்ல துணையாக இருந்தது. நான்காம் வாரம் வாய் முழுவதும் புண்ணாகி, எச்சிலை விழுங்குவதே கண்ணாடித் துண்டை விழுங்குவதுபோல் ஆனபோது, செயலி அனுப்பும் நினைவூட்டல் மணி என்னைக் குற்றவாளிபோல் உணரவைத்தது. ஒரு நாளைக்கு ஆறு முறை மணி அடிக்கும். ஆறில் ஒன்றைக்கூடச் செய்திருக்கமாட்டேன். இரண்டு நாள், செய்யாததையும் செய்ததாகக் குறித்தேன். அடுத்த அமர்வில் சிகிச்சையாளர் திரையில் என் முகத்தைப் பார்த்ததும் அட்டவணையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "பேச வேண்டாம் சார், தட்டச்சு செய்யுங்கள், இன்றைக்கு எத்தனை மிடறு தண்ணீர் குடித்தீர்கள்?" என்றார். மூன்று என்று எழுதினேன். "அப்படியானால் மூன்று முறை விழுங்கல் பயிற்சி செய்திருக்கிறீர்கள், நாளை நான்காக்கிக்கொள்வோம்," என்றார். நினைவூட்டல் மணியை அன்றே நிறுத்திவிட்டு, நாளொன்றுக்கு ஆறு வேளையாக இருந்த பயிற்சியை இரண்டு வேளையாகக் குறைத்தார். அந்த அமர்வு பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. பயிற்சியை நான் அடியோடு கைவிடாமல் இருந்ததற்கு அந்தப் பன்னிரண்டு நிமிடமே காரணம்.

செயலியும் பதிவுப் படங்களும் மட்டும் தந்து, ஆளைத் தராத மலிவான திட்டங்களும் உண்டு என்று அறிகிறேன். கதிர்வீச்சின் பிற்பாதியில் பெரும்பாலானோர் பயிற்சியில் தளர்ந்துவிடுகிறார்கள் என்பது இத்துறையில் எல்லோரும் அறிந்த ஒன்று. தளர்கிற நேரத்தில் அட்டவணையை மாற்றி எழுத ஒரு மனிதர் எதிரில் இருக்க வேண்டும். ஆகவே, வாரம் ஒரு முறையாவது நேரலையில் ஒரே சிகிச்சையாளர் வருவார் என்ற உறுதி இல்லாத எந்தத் திட்டத்தையும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஒரே சிகிச்சையாளர் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு ஐந்தாம் வாரத்தில் நடந்ததுதான் காரணம். என் மனக்குறையும் அதுவே. வழக்கமாக வருபவர் விடுப்பில் இருந்ததால், அந்த அமர்வுக்கு வேறொருவர் வந்தார். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து மூன்று மிடறு விழுங்கச் சொன்னார். விழுங்கினேன். இருமல் வரவில்லை. "ஆ" என்று நீட்டிச் சொல்லச் சொன்னார். குரலில் ஈரம் கலந்த கரகரப்பு இல்லை என்றார். "புரையேறவில்லை, தண்ணீரை இப்படியே தொடருங்கள்," என்று சொல்லி முடித்துக்கொண்டார். நான்கு நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. கதிர்வீச்சுக்குச் சென்ற இடத்திலேயே படமெடுத்துப் பார்த்து, வலது நுரையீரலின் அடிப்பகுதியில் தொற்று என்று சேர்த்துக்கொண்டார்கள்.

அங்கே பேரியம் கலந்த திரவத்தை விழுங்கவைத்து எக்ஸ்-கதிர் காணொளி எடுத்தார்கள். கருநிறமாகத் தெரிந்த திரவம் குரல்நாண்களைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய கோடாக இறங்குவதைத் திரையில் என் கண்ணாலேயே பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கு ஓர் இருமலும் வரவில்லை, ஒரு கமறலும் இல்லை. கதிர்வீச்சினால் தொண்டையின் உணர்ச்சி மங்கிவிட்டதால், தவறான வழியில் போனதை உடம்பே அறியவில்லை. புரையேறினால் இருமல் வரும் என்றுதான் நாம் எல்லோரும் நம்பியிருக்கிறோம். இருமல் இல்லாமலும் புரையேறும் என்பதையும், அதை மௌனப் புரையேற்றம் என்று சொல்லலாம் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மாற்றாக வந்த சிகிச்சையாளரை நான் குறைசொல்லவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, கழுத்தில் கைவைத்துப் பார்த்திருந்தாலும், கருவியில்லாமல் மௌனப் புரையேற்றத்தை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. என் குறை வேறு. எக்ஸ்-கதிர் காணொளியும், மூக்கு வழியாக நுண்குழாய் விட்டுத் தொண்டையை நேரடியாகப் பார்க்கும் சோதனையும் மருத்துவமனையில்தான் நடக்கும். திரை வழியாக நடக்காது. இதைச் சேவையில் சேர்ந்த முதல் நாளே, எனக்குப் புரியும் வார்த்தைகளில், சொல்லியிருக்க வேண்டும். சம்மதப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் "தொலைவழி மதிப்பீட்டுக்கு வரம்புகள் உண்டு" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியில் நுரையீரல் என்ற சொல் இல்லை, காய்ச்சல் என்ற சொல் இல்லை. சிகிச்சைக்கு முன்பு ஒரு கருவிச் சோதனையும், ஐந்தாம் அல்லது ஆறாம் வாரத்தில் இன்னொன்றும் மருத்துவமனையோடு பேசி ஏற்பாடு செய்திருந்தால், அந்த ஐந்து நாள் மருத்துவமனை வாசத்தையும், உணவு செலுத்த எனக்குப் போட்ட மூக்குக் குழாயையும் ஒருவேளை தவிர்த்திருக்கலாம். எழுத்துமூலம் முறையிட்டேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. வருத்தம் தெரிவித்ததோடு, படிவத்தை மாற்றியதாகவும் எழுதியிருந்தார்கள். மாற்றிய படிவத்தை அனுப்பும்படி கேட்டேன், அனுப்பினார்கள். முதல் பக்கத்திலேயே அது பெரிய எழுத்தில் இருந்தது. அந்த நேர்மைக்காக அவர்களை மதிக்கிறேன்.

விழுங்கலைத் தொலைவழியாக மதிப்பிடுவது பற்றி ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பல ஆண்டுகளாக ஆய்வு நடந்திருக்கிறது. திரை வழியாக மதிப்பிட்டவரும் நேரில் இருந்து மதிப்பிட்டவரும் எடுத்த முடிவுகள் பெரும்பாலும் ஒத்துப்போயின என்று அந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் அவற்றில் நோயாளியின் பக்கத்தில் பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவர் இருந்தார். கேமராவைத் திருப்ப, கிண்ணத்தை எடுத்துக் கொடுக்க, மூச்சு வாங்குவதைக் கவனித்துச் சொல்ல அவர் இருந்தார். வீட்டில் நடக்கும் அமர்வில் அந்த இடம் காலியாக இருக்கிறது. என் வீட்டில் அந்த இடத்தை என் மகள் நிரப்பினாள். அது தற்செயலாக அமைந்ததே தவிர, சேவையின் ஏற்பாடு அல்ல. மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு, வழக்கமான சிகிச்சையாளர் முதல் வேலையாக அவளுக்குத் தனியாக அரை மணி நேரம் ஒதுக்கினார். சாப்பிட்டு முடித்த பத்து நிமிடத்தில் மூச்சு வேகமாகிறதா, குரல் நனைந்ததுபோல் கேட்கிறதா, மாலையில் உடம்பு சுடுகிறதா என்று எதையெதைக் குறித்து வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். அதன்பிறகு அவள் நோட்டுப் புத்தகம்தான் அமர்வின் தொடக்கமாக இருந்தது. "அப்பா, நேற்று ராத்திரி சொல்லாமல் விட்டீர்களே, அதையும் சொல்லுங்கள்," என்று அவள் திரைக்கு வெளியிலிருந்து சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் அவள் குறித்தவையே பெரும்பாலும் சரியாக இருந்தன.

தண்ணீரைச் சில வாரங்களுக்குச் சற்றுக் கெட்டியாக்கிக் குடிக்க வேண்டும் என்று மருத்துவமனையில் முடிவானது. உலக அளவில் உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாக வகுத்திருக்கிறார்கள். எனக்குச் சொல்லப்பட்டது நிலை 2. அதை வீட்டில் எப்படி அளப்பது என்பதைக் காணொளியில் கற்றுக்கொண்ட அந்த அமர்வு, இந்த 18 அமர்வுகளிலேயே சிறந்தது. 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்றை எடுத்து, பூச்சியத்திலிருந்து பத்து வரையிலான கோடுகளின் நீளம் 61.5 மி.மீ. இருக்கிறதா என்று அளவுகோலால் பார்க்கச் சொன்னார். எல்லாச் சிரிஞ்சும் ஒரே குறுக்களவில் இருப்பதில்லையாம். அழுத்துதண்டை உருவிவிட்டு, முனையை விரலால் அடைத்து, பத்துக் கோடுவரை திரவத்தை ஊற்றினாள் மகள். விரலை எடுத்ததும் சிகிச்சையாளர் அந்தப் பக்கமிருந்து நொடிகளை எண்ணினார். பத்து என்றதும் மீண்டும் அடைத்தோம். உள்ளே மிஞ்சியிருந்தது 3 மி.லி. 1 முதல் 4 வரை மிஞ்சினால் நிலை 1. 4 முதல் 8 வரை மிஞ்சினால்தான் நிலை 2. கெட்டியாக்கும் பொடியை இன்னும் சேர்க்கவா என்று மகள் கேட்டாள். "வேண்டாம்மா, டப்பாவில் எத்தனை நிமிடம் வைக்கச் சொல்லியிருக்கிறது என்று படியுங்கள்," என்றார் அவர். கலந்த உடனேயே அளந்ததுதான் பிழை. பொடி தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக நேரம் பிடிக்கும். காத்திருந்து மறுபடி அளந்தபோது 6 மி.லி. மிஞ்சியது. எங்கள் அடுப்படியில், எங்கள் கரண்டியால், எங்கள் தம்ளரில் கலந்ததை அளந்ததால், மறுநாள் காலை யாரும் இல்லாதபோதும் அதையே திரும்பச் செய்ய முடிந்தது. மருத்துவமனையில் காட்டியிருந்தால், வீட்டுக்கு வருவதற்குள் பாதி மறந்திருப்போம்.

மூக்குக் குழாய் இருந்த நாட்களிலும் அவர் விடவில்லை. வாயை நன்றாகச் சுத்தம்செய்த பிறகு, தேக்கரண்டி அளவில், சிறு சிறு மிடறாக, நாள்தோறும் கொஞ்சமாவது விழுங்கவைத்தார். குழாய் உடம்பைக் காப்பாற்றும், தொண்டையை நாம்தான் காப்பாற்ற வேண்டும் என்று அவர் சொன்னது அந்த நாட்களில் எனக்குப் பிடிமானமாக இருந்தது. குழாய் 26 நாளில் எடுக்கப்பட்டது.

தொழில்நுட்பத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இணைப்பு நான்கு முறை அறுந்தது. ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் அழைத்துத் தொடர்ந்தார்கள். ஆனால் ஒரு சங்கதியை மட்டும் எல்லோரும் அறிந்துகொள்ள வேண்டும். காணொளி மென்பொருள்களில் பின்னணி இரைச்சலை நீக்கும் வசதி தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். மனிதப் பேச்சு அல்லாத ஒலிகளை அது இரைச்சல் என்று கருதி மழுப்பிவிடுகிறது. சிறு இருமலும் தொண்டைச் செருமலும் அந்த வகையில் அடங்கும். விழுங்கல் சிகிச்சையில் சிகிச்சையாளர் செவிகொடுத்துக் கேட்க வேண்டியவை அந்த ஒலிகள்தாம். மூன்றாம் அமர்வில் நான் இருமியதைத் திரையில் கண்ட அவர், ஒலி ஏன் வரவில்லை என்று சந்தேகப்பட்டு அந்த வசதியை அணைக்கச் சொன்னார். அதற்கு முந்தைய இரண்டு அமர்வுகளில் எதெது கேட்காமல் போயிற்றோ என்ற எண்ணம் எனக்கு இன்னும் இருக்கிறது. நீங்கள் சேரும் சேவை இதைச் சொல்லாவிட்டால், நீங்களே முதலில் கேளுங்கள்.

சிகிச்சை முடிந்தபின் பலர் பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள். கதிர்வீச்சின் இறுக்கம் மாதங்கள் கழித்தும், ஆண்டுகள் கழித்தும் வரக்கூடும் என்பதால், மாதம் ஒரு அமர்வை நான் வைத்துக்கொண்டேன். இப்போது முக்கியக் கவலை வாய் திறப்புதான். மேல், கீழ் முன்பற்களுக்கிடையே 35 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாகத் திறந்தால் அதைத் தாடை இறுக்கம் என்று கொள்கிறார்கள். கேமராவுக்கு நேராக அளவுகோலைப் பிடித்து அளக்கும் இந்த வேலைக்கு, காணொளி நேரில் போவதற்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. சிகிச்சை முடிந்த முதல் மாதம் 33 இருந்தது. தட்டையான மரக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்களுக்கிடையே அடுக்கி நீட்டும் பயிற்சிக்குப் பின் இப்போது 39.

யாருக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். கருவிச் சோதனை ஏற்பாட்டுக்கு வழியே இல்லாதவர், வீட்டில் துணைக்கு யாரும் இல்லாமல் தனியாகச் சாப்பிடுபவர், ஏற்கெனவே நுரையீரல் தொற்று வந்து தேறியவர், கழுத்தில் மூச்சுத் துளை போட்டிருப்பவர், காது மங்கலாகக் கேட்கும் நிலையில் இருப்பவர் ஆகியோர் முதல் சில அமர்வுகளையாவது நேரில் செய்துகொள்வதே நல்லது என்பது என் கருத்து. மற்றவர்கள் சேருமுன் மூன்று கேள்விகளைக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்: தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே சிகிச்சையாளர் வருவாரா, அவர் விடுப்பில் போனால் என் பதிவை முழுவதும் படித்தவர்தான் வருவாரா, கருவிச் சோதனை எந்த வாரத்தில், யாருடைய பொறுப்பில் நடக்கும்? என்னுடைய சேவை இன்று மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்கிறது. நான் சேர்ந்த அன்று இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் அவர்களிடம் பதில் இல்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். குறைந்த அந்த ஒன்று ஐந்தாம் வாரத்துக்கானது. 19-ஆவது அமர்வு அடுத்த மாதம் முதல் வாரத்தில். அதற்கு முந்தைய நாள் மருத்துவமனையில் எக்ஸ்-கதிர் காணொளிக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அந்தப் பதிவை இருவருமாகச் சேர்ந்து பார்க்கலாம் என்று சிகிச்சையாளர் சொல்லியிருக்கிறார்.